கடைசி வரிவரை படித்தவர்

அன்று காலை எங்கள் செகந்திராபாத் மல்காஜ்கிரி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் ரவிச்சந்திரன், மருமகள் கீதா, பேத்தி ஷாலினி, கறிவேப்பிலை கேட்டு வந்த கீழ்வீட்டு யாதம்மா. ஐந்து பேர். ரவி ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஷாலினி ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கீதா எடுத்தாள். "ஹலோ" என்றாள். கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, தார்நாகாவுல இருந்து பர்ஹானா மேடம் பேசறாங்க. சின்னத்தை காலையில வேலைக்கு எறங்கி வரலையாம். மேல போய்ப் பார்த்திருக்காங்க. நாற்காலியில உக்காந்தபடியே... தலை சீவிட்டு இருந்திருக்காங்க. சீப்பு கையிலயே இருக்காம்."

யாதம்மாதான் முதலில் அழுதாள். "அய்யோ, மா சுந்தரம்மா!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்த சம்பந்தம் இல்லாதவள்தான் முதலில் அழுதாள் என்பதை நான் மனசில் குறித்துக்கொண்டேன். ரவி அசையாமல் நின்றான். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்தது. கருகல் வாசனை வந்த பிறகு கீதாதான் ஓடிப்போய் எடுத்தாள்.

இறந்தவர் சுந்தரி. என் வீட்டுக்காரர் முனுசாமியின் ஒரே தங்கை, எனக்கு நாத்தனார். வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்குமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் தமிழ் மன்றத்துச் செயலாளர் கேட்டார். போன மலரில் என் பெயரை மரகதவல்லி என்று போட்டவர் அவர்தான். நான் வெறும் மரகதம். இருந்தாலும் சுந்தரிக்காக எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம். "இறந்தவர்களை அவர் இவர் என்றுதான் எழுத வேண்டும், அம்மா" என்றார் செயலாளர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நேரில் வாடி போடி என்றே கூப்பிட்டுவிட்டேன். எழுத்திலாவது அவர் என்கிறேன். அதற்குத் தகுந்தவர்தான்.

நான் அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியபோது சுந்தரிக்கு எட்டு வயது. மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த அன்றே என் எதிரில் வந்து நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அண்ணியா? எனக்கு ஒரு கண்ணு தெரியாது. அப்புறமா யாரும் சொல்லலையேன்னு சொல்லாத."

எங்கள் வீட்டில் நிஜமாகவே யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கல்யாணப் பேச்சில் மறைத்ததெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு என்பதிலிருந்து குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராது என்பது வரை. மறைக்காமல் சொன்ன ஒரே ஆள் அந்த எட்டு வயதுக் குழந்தை.

இடது கண். கரி இஞ்சின் ஓடிய காலம் அது. ஐந்து வயதில் ரயில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தபோது நெருப்புத் தூசி விழுந்திருக்கிறது. குழந்தை கசக்கிக்கொண்டது. வீட்டில் விளக்கெண்ணெய் விட்டார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அடுத்த வாரம் போனார்கள். அதற்குள் கண் வெளுத்துவிட்டது. "ரயில்காரங்க வூட்டுப் பொண்ணுக்கு ரயிலே குடுத்த சீதனம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சொன்னால் சிரிக்கமாட்டார்.

அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதினோரு வீட்டுக்காரர்கள். பெயர் கேட்டால் இப்போதும் சொல்வேன். மலரில் இடம் போதாது. கடைசியாக வந்தவன் லாலாகூடாக்காரன், அவனுக்கே ஒரு கால் சற்று இழுக்கும். அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க கிட்ட ஒரு கொறை இருக்குது, நீங்க ஒண்ணு குடுத்தா ரெண்டாயிடுமே" என்றாள். அடுப்படியில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. காபித் தட்டோடு வெளியே வந்தார்.

"பரவால்லம்மா, கொறையே இல்லாத வூடா பாத்து எடுத்துக்குங்க. காபிய மட்டும் குடிச்சிட்டுப் போங்க, சர்க்கரை கொறைவில்லாம போட்டுக்கீறேன்."

அன்றோடு பெண் பார்க்க வருவது நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தங்கையோடு பேசவில்லை. நான்தான் நடுவில் சோறு போட்டேன்.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிரேன் ஓட்டுபவர். சில வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைச் சோதிப்பார்கள். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி ஏதாவது உட்கார்ந்த வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. பயம்தான் பெரிது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் மூலை கிழிந்த பழைய எழுத்துப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கண் டாக்டர் வீட்டில் சுவரில் மாட்டியிருப்பார்களே, மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பாகச் சிறுத்துவிடும், அதுதான். அதைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். காலனியில் பல வீடுகளில் அப்படித்தான். ஏபிசிடி முழுசாகத் தெரியாத குழந்தைக்கும் அந்தப் பலகை தெரியும்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் என் வீட்டுக்காரர் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒப்பிப்பார். தடுமாறி நின்றால் அடுத்த வரியின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கை தோசையைத் திருப்பிக்கொண்டிருக்கும். வாய் "எல்" என்னும். அவர் "எல், பி, ஈ, டி" என்று ஓடுவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஏழு வரி மட்டும் சாமிப் பாட்டு மாதிரி நாக்கில் ஏறிவிட்டது. சுந்தரி அதைச் சொல்லிச் சொல்லியே கயிறு தாண்டுவார்.

ரவி பிறந்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது பாதிக்கு மேல் அவர்தான். டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்தானே, அப்போது பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் பின்னலைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தப் பிள்ளை தூங்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் படித்தார். செகந்திராபாத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் சேர்ந்தார். நோயாளியைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வாயால் சொல்லுவார், இவர் தட்டுவார். இருபது வருஷம். டாக்டர் முழு வாக்கியம் சொல்லி முடிக்குமுன் இவருடைய மிஷின் முடித்திருக்கும் என்பார்கள். உடம்பில் உள்ள எலும்புக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர் சொல்லுவார். ஒருமுறை நான் காலில் அம்மிக் குழவியைப் போட்டுக்கொண்டு கத்தியபோது, எந்த எலும்பு என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் ஐஸ் எடுக்கப் போனார். அதை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருஷம் கழித்து அந்த டாக்டரும் கிளினிக்கை மூடிவிட்டு அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். அப்போது சுந்தரிக்கு நாற்பத்து நாலு. வீட்டிலேயே இரு, இனிமேல் என்ன வேலை என்றோம் எல்லோரும். ஒரு மாதம் இருந்தார். ஒருநாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"ரவியும் கீதாவும் காலையில கெளம்பறாங்க. நாம ரெண்டு பேரும் போய்க் கதவ சாத்தறோம். சாயங்காலம் வர்றாங்க. ரெண்டு பேரும் போய்த் தெறக்கறோம். ஒரு கதவுக்கு எதுக்கு அண்ணி ரெண்டு தாழ்ப்பா?"

வேலை என்றால் அவருக்குச் சம்பளம் மட்டும் இல்லை. காலையில் தலை சீவிக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. அது போய்விட்டால் தான் அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்ட ஒற்றைக் கண்ணி ஆகிவிடுவோம் என்று அவர் பயந்தார். வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மாதாப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக முளைத்த நேரம் அது. ரவி அப்படி ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லி அனுப்புவதைக் காதில் கேட்டு இங்கே டைப் அடித்து அனுப்பும் கம்பெனி. அதில் ஊனமுற்றவர்களுக்கென்று சில இடம் ஒதுக்கினார்கள். ரவியை இந்த இடத்தில் மெச்சத்தான் வேண்டும். செய்தியைக் கொண்டுவந்தவன் அவன்தான். ஃபாரத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தை, உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி வேலை வந்திருக்கு!"

அன்றைக்குத்தான் சட்டத்தில் யாரை ஊனமுற்றவர் என்பார்கள் என்று எங்கள் வீட்டில் முதல்முறையாகப் படித்தோம். ரவி இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னான். கண் தெரியாதவர், குறைபார்வை உள்ளவர், காது கேளாதவர், கை கால் முடியாதவர், தொழுநோய் வந்து குணமானவர், மனவளர்ச்சி குன்றியவர், மனநோய் உள்ளவர். ஏழு வகை. எந்த வகையானாலும் நாற்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதை அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கண் முழுசாகப் போனாலும் மற்ற கண் முழுசாக இருந்தால் முப்பதுதான் போடுவார்களாம். அந்த மற்ற கண்ணும் கண்ணாடி போட்டும் மங்கலாக இருந்தால் நாற்பது. இரண்டில் ஒன்று போனால் பாதி, ஐம்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் கணக்கு வேறு.

"நம்ம அத்தைக்கு வலது கண்ணும் மங்கலாச்சே, கெடைச்சுடும்" என்றான் ரவி. உண்மைதான். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணும் இறங்கிக்கொண்டு வந்தது. பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் தெளியவில்லை. டைப் அடிக்க அவருக்குக் கண் எதற்கு, அந்த விரல்களுக்கு எல்லாம் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு நானும் அவரும் போனோம். ரவி கிளம்பும்போது சொன்னான், "அத்தை, ஒண்ணும் நடிக்க வேணாம். தெரியறது வரைக்கும் சொல்லு, தெரியலைன்னா நிறுத்திடு." அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

வரிசை வாசல்வரை நின்றது. எங்களுக்கு முன்னால் போலியோக் கால் பையன் ஒருவன், பின்னால் காது கேட்காத கணவனும் அவனுக்காகப் பேசும் மனைவியும். எல்லோரும் தாங்கள் எவ்வளவு முடியாதவர்கள் என்று காட்டுவதற்காக நின்றோம். எங்கள் முறை மத்தியானம் வந்தது. சுந்தரி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குடையும் பையுமாகக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர்ச் சுவரில் அதே பலகை. மூலை மட்டும் கிழியவில்லை.

இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார் டாக்டர். பிறகு அதை மூடச் சொல்லிவிட்டு, களைத்துப்போன குரலில், "சதவண்டம்மா" என்றார். படிக்கச் சொல்கிறார். சுந்தரி முதல் வரி படித்தார். இரண்டாவது. மூன்றாவது வரியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். நாலாவதில் நின்றார். தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார்.

சுவரைப் பார்த்து ஒருவர் ஒப்பிக்கிறார், வரி தடுமாறுகிறது, நான் கதவுப் பக்கத்தில் இருக்கிறேன். அத்தனை வருஷத்துப் பழக்கம். எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது எனக்கு ஒரு நொடி மறந்துபோய்விட்டது.

"எல்" என்றேன்.

அவ்வளவுதான். சுந்தரி கயிறு தாண்டுகிறவர் மாதிரி கிளம்பிவிட்டார். நாலாவது வரி, ஐந்து, ஆறு, எறும்பு வரி ஏழு. மூச்சு விடாமல் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சந்தோஷமாகச் சிரித்தார். "ஈ கண்ணு பாகுந்தம்மா, பர்ஸ்ட் கிளாஸ்" என்றார், இந்தக் கண் நன்றாக இருக்கிறதாம். இல்லை சார், இது மனப்பாடம் என்று சுந்தரி தெலுங்கில் சொல்லத் தொடங்கினார். வரிசையில் இருந்த அடுத்த ஆளை டாக்டர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார். தெரிந்த கண்ணைத் தெரியவில்லை என்பவர்களைத் தினமும் நூறு பேர் பார்க்கிறார், இவரை மட்டும் எப்படி நம்புவார். முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரை நான் திட்டாத நாள் இல்லை. எழுதும்போது பார்க்கிறேன், பாவம், அவர்மேல் தப்பில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். மெட்டுகூடா தாண்டியதும் சுந்தரி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, 'எல்'லுன்னு எடுத்துக் குடுத்தது நீதான?"

"நான்தான்டி. என் நாக்கு அழுகிப் போவ. என்னை மன்னிச்சுடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோள் குலுங்கிற்று.

"அண்ணன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் அவர பாஸ் பண்ண வெச்சிட்டு வந்துட்டோம் பாரு."

இரண்டு பேரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே அழுதோம். கண்டக்டர், "கியா ஹுவா அம்மா?" என்று கேட்டான். "பாஸ் ஹோகயே" என்றார் சுந்தரி.

சாயங்காலம் ரவி சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுக் குதித்தான். "உன்னை யாரு அத்தை கடைசி வரைக்கும் ஒப்பிக்கச் சொன்னது? நாப்பது இல்லைன்னா சட்டப்படி நீ ஊனமே இல்ல!"

"அப்ப நான் யாரு?"

"நார்மல்."

"இதப் பார்றா. பதினோரு மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள்ல ஒருத்தராவது எனக்கு இந்த சங்கதிய சொல்லலையே!"

எடுத்துக் கொடுத்தது நான் என்று அவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பழியை அவர் தலையில் போட்டுக்கொண்டு கீரையைக் கிளறினார். அடுத்த மாதமே மறுபடி போய்ச் சோதிக்கச் சொல்லலாம் என்றேன். ரவி வேண்டாம் என்றான். முழுசாகப் படித்தவள் மறு மாதம் தெரியவில்லை என்றால் ஏமாற்றுக்காரி என்று எழுதிவிடுவார்களாம்.

நார்மல் என்றால் நார்மல் ஆட்கள் வழியிலேயே போகிறேன் என்று சுந்தரி அதே கம்பெனியில் ஒதுக்கீடு இல்லாத பொது வேலைக்கு மனுப் போட்டார். டைப் பரீட்சையில் தேறினார். கடைசியில் கம்பெனி டாக்டர் சோதனை. திரும்பி வந்தவர், "ஆவல அண்ணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒற்றைக் கண் என்பதால் நாள் முழுதும் திரையைப் பார்க்கும் வேலைக்கு ஏற்றவர் இல்லை. கீழே ஆள் எடுக்கும் பிரிவின் சார்பில் கையெழுத்து. என் மகன் கையெழுத்து. சின்ன வேலையில் இருப்பவன், போடச் சொன்னால் போடத்தான் வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து விலகிய பர்ஹானா பேகம் தார்நாகாவில் ஒரு டிபன் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து அதே வேலையைச் சின்னதாகத் தொடங்கினார். டைப் பரீட்சையில் சுந்தரியின் விரலைப் பார்த்தவர் அவர். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சுந்தரி போனதும் முதலில் கண்ணைப் பற்றியும் இரண்டு சர்டிபிகேட் கதையையும் சொல்லியிருக்கிறார். பர்ஹானா பேகம் காதுக்கு மாட்டும் கருவியை அவர் தலையில் மாட்டிவிட்டு, "மேரேக்கு ஆங்க் நக்கோ அம்மா, கான் ஹோனா" என்றாராம். எனக்குக் கண் வேண்டாம், காது வேண்டும். அன்றே உட்கார்ந்து டைப் அடித்தார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

அந்த ஆபீசுக்கு மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம். அண்ணன் வீடு இருக்க அறை எதற்கு? மூன்று மாதம் நான் போகவில்லை. பிறகு நானே ஊறுகாய் ஜாடியோடு போய் நின்றேன். "வா அண்ணி, கோவம் ஊறிடுச்சா?" என்றார். எத்தனை நல்ல மத்தியானங்கள் அங்கே. அமெரிக்க டாக்டர்கள் பேசுவது மாதிரிப் பேசிக்காட்டுவார். ஒருவன் நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடுவில் பர்கர் தின்பான், ஒருவன் நாயைத் திட்டுவான், அதையும் டைப் அடிப்பதா என்று பர்ஹானா பேகத்தைக் கேட்பாராம். புதிதாக வந்த பெண்கள் ஒரு வார்த்தை புரியாவிட்டால் இவரிடம்தான் ஓடிவருவார்கள். ஹவ், ஹவ், அதாவது ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ஒரே தடவையில் சொல்வார். அந்த மாடிக்கு யார் வந்தாலும் 'சுந்தரி மேடம் எங்கே' என்றுதான் கேட்டார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் கம்பெனி டாக்டர் அறையில் நடந்ததைச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து.

டாக்டர் ஏற்றவர் இல்லை என்று எழுதியதும் சுந்தரி அவரிடம், "சார், கவர்மென்ட்டு ஆஸ்பத்திரியில எனக்குக் கொறை போதாதுன்னாங்க. நீங்க அதிகம்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் ஒரு தடவ போன்ல பேசிக்குங்களேன்" என்றிருக்கிறார். அறையே சிரித்துவிட்டதாம். அங்கே அந்தப் பிரிவின் தலைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளும் சிரித்தார். பக்கத்தில் ஃபைல் வைத்துக்கொண்டு நின்றவன் ரவி. அந்த அம்மாள் மனுவைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டிருக்கிறார், "இவங்களும் மல்காஜ்கிரின்னு இருக்கே, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது மேடம்."

சொன்னவன் என் மகன்.

"அந்தம்மா சிரிச்சிக்கினு இருந்தாங்க அண்ணி. மனசு எளகிப்போயி இருந்தாங்க. எங்க அத்தை, இருபது வருஷம் டாக்டர் கிட்ட டைப் அடிச்சவங்கன்னு ரவி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, செரி ஒரு மாசம் வெச்சிப் பாக்கலாம்னு சொல்லியிருப்பாங்க. எனக்கே தெரிஞ்சிச்சு."

"அந்தப் பய கிட்ட நான் இன்னிக்கே கேக்கறேன்."

"கேக்காத. சிபாரிசுன்னு பேரு வரும்னு பயந்துட்டான், சின்னப் பையன். தானா வந்து சொல்லட்டும். நான் உயிரோட இருக்கற வரைக்கும் நீ கேக்கக் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டார். காப்பாற்றினேன். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் தொண்டைவரை வரும். விழுங்கிவிடுவேன்.

வருஷம் போகப் போக அவருடைய வலது கண்ணும் இறங்கிவிட்டது. பஸ் பாஸுக்காக மறுபடி சர்டிபிகேட் வேண்டியிருந்தது. அதே ஆஸ்பத்திரி. "நீ கேட்டுக்கு வெளியவே இரு. வாயையும் பொத்திக்கோ" என்றார். வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எழுபத்தஞ்சு அண்ணி! டபுள் புரமோஷன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தைந்து என்றால் என் முகம் அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே அழுதேன்.

ரவி அதற்குள் அந்தப் பிரிவில் மேனேஜர். கம்பெனியில் ஊனமுற்றவர்களை நிறையச் சேர்க்க வேண்டும் என்று பெரிய ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே என்னை அழைத்துக்கொண்டு தார்நாகா வந்தான். சுந்தரி தடவித் தடவிப் பரிமாறினார்.

"அத்தை, இப்ப எல்லாம் பக்காவா இருக்கு. எழுபத்தஞ்சு! நானே ஃபாரம் நிரப்பித் தர்றேன். வந்துடு."

"அங்க எனக்கு யாரத் தெரியும் ரவி?"

"நான் இருக்கேனே அத்தை."

சுந்தரி குழம்புக் கரண்டியை எடுத்தார். அவன் இலை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வான், இப்போதாவது சொல்வான் என்று. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தான். வாய் திறந்தது. "குழம்பு நல்லா இருக்கு" என்றான்.

அது நடந்து மூன்று வருஷம். சொல்லவில்லை.

காரியத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று வீடு முழுக்கத் தேடினோம். என் கல்யாணப் படத்திலிருந்து ஷாலினியின் பிறந்தநாள் படம்வரை எல்லாவற்றிலும் சுந்தரி முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். கண்ணைக் காட்டாமல் நிற்க அந்தக் காலத்திலேயே பழகியவர். பர்ஹானா பேகம் தன் ஆபீசில் சுந்தரிக்குப் போட்டுக் கொடுத்திருந்த அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மட்டும் நேராகப் பார்க்கிறார். வெளுத்த கண், மங்கின கண், இரண்டும் அப்படியே. காதில் அந்தக் கருவி. யாரோ ஏதோ சொல்ல, சிரிக்கத் தொடங்குகிற முகம். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். ஷாலினி வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்பாவைப் பெற்ற பாட்டியைத் தெலுங்கில் கூப்பிடுவது மாதிரி, "நானம்மா, சுந்தரி பாட்டி இவ்ளோ ப்யூட்டிஃபுல்லா?" என்றாள். ஆமாம்டி என்றேன்.

போய்ட்டு வாடி சுந்தரி. உன்னைப் பார்க்க வந்த பதினோரு வீட்டுக்காரர்களையும் இன்றோடு விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரையும் விட்டேன், கம்பெனி டாக்டரையும் விட்டேன். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் கோடு போட்ட சட்டத்தையும் விட்டேன். எங்கேயாவது ஒரு கோடு போடத்தானே வேண்டும், போட்டவர்களுக்கு உன்னைத் தெரியாது. எடுத்துக் கொடுத்த என்னை நீ அன்றைக்கே பஸ்ஸில் மன்னித்துவிட்டாய். நான் கேட்டேன், நீ கொடுத்தாய். உனக்குச் செய்த சத்தியம் நீ இருக்கும்வரைதான். உன்னை நன்றாகத் தெரிந்திருந்தும் தெரியாது என்றவன், பதினோரு வருஷம் உன் கையால் சாப்பிட்டும் அதைச் சொல்லாதவன் ஒருவன் இருக்கிறான். அவனை மட்டும் நான் மன்னிக்கவில்லை. என் மகன் ரவிச்சந்திரன்.